கோத்தகிரியில் ஒரு எச்.எம்.டி. பைலட்: 6,500 கேட்கிறாங்க, தகுமா?

தேயிலைமேடு:
வணக்கம். கோத்தகிரியில ஒரு பழைய வீட்டைக் காலி பண்றாங்க. சாமான்களோட ஒரு எச்.எம்.டி. பைலட்டும் விலைக்கு வந்திருக்கு. கறுப்பு டயல், சாவி கொடுக்கிற வாட்ச், ஓடுது. பின்மூடியில ரெண்டு இனிஷியலும் 1984ன்னு வருஷமும் பொறிச்சிருக்கு. 6,500 ரூபாய் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் கையில வெச்சுப் பார்க்கலாம், பின்மூடியைத் திறக்கவும் சம்மதம். எதை முதல்ல பார்க்கணும், எவ்வளவு வரைக்கும் போகலாம்?

பல்சக்கரம்:
முதல்ல டயல்தாங்க. உள்ள இருக்கிறது 0231ங்கிற மெஷின், 17 ஜுவல் (தேய்மானம் குறைக்கிற சின்னக் கல்லு). எச்.எம்.டி.யோட ஜனதா மாடல்லயும் அதேதான். அதனால உதிரி கிடைக்கும், எதையும் மாத்திடலாம். ஒரிஜினல் டயல் போச்சுன்னா போனதுதான். மார்க்கெட்ல சுத்துற பைலட்ல நிறைய மறுபெயின்ட் அடிச்சது. ஆரஞ்சு, கிளிப்பச்சைன்னு வந்தா யாருக்கும் தெரியும். ஆனா கறுப்பையே மறுபடி கறுப்பா அடிச்சா ஏமாந்துடுவோம்.

பத்து மடங்கு பெரிசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஜன்னல் வெளிச்சத்துல வாட்சை லேசாச் சாய்ச்சு, டயல்ல இருக்கிற ‘பாரா ஷாக்’ (அதிர்ச்சி தாங்கும்னு அர்த்தம்) ங்கிற சின்ன இங்கிலீஷ் எழுத்தைப் பாருங்க. கம்பெனி அச்சுல எழுத்தோட ஓரம் கத்தியால வெட்டின மாதிரி இருக்கும், கோடு எல்லாம் ஒரே கனம். மறுபெயின்ட்ல ‘ஏ’ எழுத்தோட நடு ஓட்டை அடைஞ்சு போய் மை ஊறின மாதிரி தெரியும். அப்புறம் நிமிஷக் கோடுகளைச் சுத்தி வாங்க. ஒரு பக்கம் விளிம்பை ஒட்டியும் எதிர்ப்பக்கம் இடைவெளி விட்டும் இருந்தா அச்சு நகர்ந்திருக்கு. முள்ளு குத்துற நடு ஓட்டையோட விளிம்புல பெயின்ட் தடிச்சு நிக்குதான்னும் பாருங்க.

நம்ம ஊர்ல எல்லாரும் ‘ரேடியம்’னு சொல்ற அந்த மினுங்குற பூச்சு டயல்லயும் முள்ளுலயும் ஒரே நிறத்துல பழுத்திருக்கணும். டயல்ல வெளேர்னும் முள்ளுல தவிட்டு நிறமாவும் இருந்தா ஏதோ ஒண்ணு பின்னால வந்தது. (நிஜ ரேடியம் இதைவிடப் பழைய வெளிநாட்டு வாட்ச்களோட சமாச்சாரம். அந்த மாதிரி ஒண்ணு கையில வந்தா பூச்சைச் சுரண்டாதீங்க.)

கடைசியா ஒண்ணு. டயல்ல இருக்கிற 3க்கும் சாவிக்கும் (பக்கத்துல திருகுற குமிழ்) நேர்கோடு இருக்கான்னு பாருங்க. டயலுக்குப் பின்னால ரெண்டு கால் இருக்கும், மெஷின்ல அதை வெச்சுத்தான் இறுக்குவாங்க. கால் உடைஞ்ச டயலைப் பசை போட்டு ஒட்டி வெச்சிருந்தா ரெண்டு டிகிரியாவது திரும்பி நிக்கும்.

பொறிச்ச வருஷத்தை ரொம்ப நம்பாதீங்க. மூடி வேற வாட்ச்ல இருந்து வந்திருக்கலாம். சேகரிக்கிறவங்க பலபேருக்கு அடுத்தவர் இனிஷியல் பிடிக்காது, அதனால அது விலையை ஏத்தாது, கொஞ்சம் இறக்கத்தான் செய்யும்.

குன்னூர்_மூடுபனி:
டயலைப் பத்தி பல்சக்கரம் அண்ணா சொன்னது சரி. ஆனா நீங்க வாங்குறது மலையில. இங்க வாட்ச் சாகிறது ஈரத்தால, அந்த ஈரம் நுழையிற வழி சாவித்தண்டு, அதாவது சாவியில இருந்து மெஷினுக்குள்ள போற கம்பி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி மழை நின்னு பெய்யும்போது அலமாரியில கிடக்கிற தோல் ஸ்ட்ராப்பே பூஞ்சை பிடிக்குது. இந்த வாட்ச்ல தண்ணி தடுக்குற அமைப்பு இருக்கும்னு எதிர்பார்க்க வேண்டாம்.

சாவியை முழுசா வெளிய இழுத்துப் பாருங்க. ‘டக்’னு ஒரே இடத்துல நிக்கணும். இழுத்தா கையோட வந்துச்சுன்னா தண்டைப் பிடிக்கிற லீவர் தேய்ஞ்சிருக்கு, இல்ல அதோட திருகு தளர்ந்திருக்கு. தண்டுல செந்தூள் ஒட்டியிருந்தா டயலுக்கு அடியில இருக்கிற சாவிச் சக்கரங்களும் துருதான். அது பின்மூடியைத் திறந்தா தெரியாது, டயலைக் கழட்டினாத்தான் தெரியும். அதனால தண்டு சொல்றதை நம்புங்க.

முள்ளை முன்னாடி சுத்துங்க. லேசா ஒரு இறுக்கம் கைக்குத் தெரியணும். வழுவழுன்னு சுத்துச்சுன்னா முள் நிக்கிற குழாய்ப் பல்லு தளர்ந்திருக்கு. மெஷின் சரியா ஓடும், முள் மட்டும் பின்தங்கும். கடைக்காரர் இதை ‘கொஞ்சம் ஸ்லோ’ன்னு சொல்லித் தள்ளிடுவார்.

சாவி கொடுத்தா முப்பது சுத்துக்கு முன்ன பின்ன நின்னுடணும். நிக்காம போய்க்கிட்டே இருந்தா மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கு, இல்ல கொக்கி விட்டிருக்கு. நடுவுல ‘கர்க்’னு வழுக்கினா சாவிப் பல்லு தேய்மானம்.

இன்னொண்ணு, காலையில போய்ப் பாருங்க. பழைய ஆயில் பசையாயிருந்தா குளிர்ல இறுகும். விக்கிறவர் சட்டைப்பையில சூடா வெச்சுக் காட்டின வாட்ச் நல்லா ஓடும், ராத்திரி மேஜையில கிடந்த வாட்ச்தான் உண்மையைச் சொல்லும்.

போன்ல டிக்டிக் அளக்கிற ஆப் ஏத்திக்குங்க. மணிக்கு 18,000 அடின்னு செட் பண்ணி, மைக் ஓட்டையை ஒட்டி, டயல் மேல பார்க்க ஒரு தடவை, சாவி கீழ பார்க்க ஒரு தடவை. முழுச் சாவியில படுத்த நிலையில அலைவு (உள்ள ஆடுற பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி திரும்புதுங்கிறது) 260க்கு மேல இருந்தா சந்தோஷம், நிமிர்த்தினா 30, 40 டிகிரி குறையிறது சகஜம். 200க்குக் கீழ போனா சர்வீஸ் செலவை இப்பவே கழிச்சுக்குங்க. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், கால் மணி நேரம்னு முன்னாடி ஓடினா பயப்பட வேண்டாம். காந்தம் ஏறி, அந்தச் சக்கரத்தை ஆட்டுற ஹேர் ஸ்பிரிங்கோட சுருள் ஒட்டியிருக்கும், இல்ல அதுல ஆயில் பட்டிருக்கும். காந்தம் எடுக்கிறது ரெண்டு நிமிஷ வேலை.

மூடியைத் திறந்தா 0231ங்கிற எண் இருக்கான்னு பாருங்க. திருகுகளோட வாய் கிழிஞ்சிருந்தா உள்ள அவசரக் கை பட்டிருக்கு. சில மூடிகள்ல ரிப்பேர்காரங்க உள்பக்கம் தேதி கீறி வெச்சிருப்பாங்க, அதையும் படிங்க.

தேயிலைமேடு:
பார்த்துட்டு வந்தேங்க. எழுத்து கூர்மையா இருக்கு, ‘ஏ’ ஓட்டை திறந்திருக்கு. பூச்சு ரெண்டுலயும் ஒரே பழுப்பு. 3 நேரா நிக்குது. ஆனா தண்டுல செந்தூள் இருக்கு, சாவியும் வேற ஏதோ வாட்சோடது மாதிரி பெரிசு. ஆப்ல அலைவு படுத்த நிலையில 215, சாவி கீழ பார்த்தா 180. ஒரு நாளைக்கு 20 செகண்ட் ஸ்லோ. கேஸ்ல ஸ்ட்ராப் மாட்டுற கொம்புக்கு நடுவுல குரோமியம் உரிஞ்சு மஞ்சளாத் தெரியுது. மூடிக்குள்ள ரெண்டு தேதி கீறியிருக்கு, பின்னது 1997.

ஸ்டீல்_மூடி:
அப்ப கணக்குப் போட்டுடலாம். ஒரிஜினல் டயல், நல்ல கேஸ், சர்வீஸ் ஆன பைலட்டுக்கு என் மதிப்பு 4,500. அதுல இருந்து ஒவ்வொண்ணாக் கழியுங்க. பிரிச்சுக் கழுவி புது ஆயில் போட 800. பெட்ரோல்ல அப்படியே முக்கி எடுக்கிறவர்கிட்ட கொடுக்காதீங்க, அது சர்வீஸ் இல்ல. மெயின் ஸ்பிரிங்கையும் அப்பவே மாத்தச் சொல்லுங்க. தண்டு, சாவி 300. கேஸுக்கு 500. அடியில பித்தளை, மேல குரோமியம் முலாம். அதை பாலிஷ் போட்டா மிச்ச முலாமும் போகும், மறுமுலாம் பூசினா கொம்போட கூர் மழுங்கும். அதனால அப்படியே விட்டுட்டு விலையில கழிச்சுக்கிறதுதான் புத்தி. மிச்சம் 2,900. நான் 2,500ல ஆரம்பிச்சு 3,000ல நிப்பேன்.

2016ல கம்பெனி வாட்ச் பிரிவை மூட அரசு ஒப்புதல் கொடுத்ததுல இருந்து ‘இனிமே கிடைக்காது’ன்னு சொல்லியே விலை கேட்கிறாங்க. பைலட் லட்சக்கணக்குல ஓடின மாடல் இல்லாட்டியும் கிடைக்காத சாமான் இல்ல.

பல்சக்கரம்:
நான் 3,500 வரைக்கும் போவேன். ஸ்டீல்_மூடி சொல்ற கழிவு எல்லாம் காசு கொடுத்தா தீர்ற குறை, டயல் அப்படி இல்ல. அதோட 1997க்குப் பிறகு கை படாத மெஷின்ல அலைவு 215 வர்றது மோசமே இல்ல, காய்ஞ்ச ஆயில்தான் காரணம். ஆனா செந்தூள் இருக்கிறதால சர்வீஸ் ஆகிற வரைக்கும் ஓட்டாதீங்க. துருத்தூள் ஆயில்ல கலந்தா உப்புத்தாள் மாதிரி சக்கர அச்சு முனைகளைத் தேய்க்கும். சர்வீஸ்ல டயலைக் கழட்டும்போது பூச்சைத் தொட வேண்டாம், டயலைத் துடைக்கவும் வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. நல்ல எண்ணத்துல ஈரப் பஞ்சால ஒரு தடவை துடைச்சாலே அந்தக் கூர்மையான எழுத்து கையோட வந்துடும்.

தேயிலைமேடு:
3,200க்கு முடிஞ்சுதுங்க. சாவி கொடுக்காம டப்பாவுல வெச்சாச்சு. கோயமுத்தூர்ல டயலைத் தொடாம சர்வீஸ் பண்றவர் யாராச்சும் தெரிஞ்சா தனிச்செய்தியில சொல்லுங்க.