மண் தரையில் ஒண்ணுக்குப் போக மாட்டேன் என்கிறது இரண்டரை வயது லேப்ரடார் நாய். என்ன செய்வது?

காரிமங்கலத்து மருமகள்:
வணக்கம். எங்கள் வீடு காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். பெங்களூரில் நாத்தனார் வீட்டில் வளர்ந்த லேப்ரடார், பெயர் ஜூலி, பெட்டை. அவர்கள் வெளிநாடு போவதால் மூன்று வாரத்துக்கு முன் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

வீட்டைச் சுற்றி எட்டு சென்ட் காலி இடம், காம்பவுண்டு சுவர், இரண்டு மாமரம். ஒரு நாய்க்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். காலை ஆறு மணிக்குத் திறந்துவிட்டால் அரை மணி நேரம் மோந்து பார்க்கும், அணிலைத் துரத்தும், நிழலில் படுக்கும். ஒண்ணுக்கு மட்டும் போகாது. உள்ளே வந்த ஐந்தாவது நிமிடம் ஹாலில், சாமி அறை வாசலுக்கு நேராகப் போய்விடும். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வந்த மாமியார் அதில் கால் வைத்துவிட்டார். அதற்கு மேல் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபினாயில் போட்டுத்தான் துடைக்கிறேன். இரண்டு தடவை அடித்தும் விட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது நான் பார்க்கும்போது போவதில்லை, சோபாவுக்குப் பின்னால் போய்ப் போகிறது. வளர்ந்த நாயை இனிமேல் பழக்க முடியுமா?

பென்னாகரத்தான்:
செய்த இடத்திலேயே மூக்கைப் பிடித்துத் தேய்த்து இரண்டு போடுங்கள் அக்கா. எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஓசூர் நாய்வீட்டுக்காரர்:
தம்பி, உங்கள் தாத்தா நாயைத் திண்ணை தாண்டி உள்ளே விட்டிருக்க மாட்டார். அதனால் பழக்க வேண்டிய வேலையே அவருக்கு இருந்திருக்காது.

அம்மா, அடித்தால் ‘வீட்டுக்குள் போகக் கூடாது’ என்று அதற்குப் புரியாது. ‘இவர் பார்க்கும்போது போனால் ஆபத்து’ என்றுதான் புரியும். சோபாவுக்குப் பின்னால் போவது அதனால்தான். இப்படியே விட்டால் வெளியிலும் நீங்கள் பக்கத்தில் நின்றால் அடக்கிக்கொள்ளும்.

சில விஷயம் சொல்லுங்கள். பெங்களூரில் எங்கே போய்க்கொண்டிருந்தது? உங்கள் ஹாலில் என்ன தரை? வெளியே விடும்போது கூடப் போகிறீர்களா? ஒரே தடவையாக நிறையப் போகிறதா, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறதா?

காரிமங்கலத்து மருமகள்:
நாத்தனாரிடம் போனில் கேட்டேன் அண்ணா. மூன்றாவது மாடி, இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, குட்டியிலிருந்தே பால்கனி மூலையில் பழக்கியிருக்கிறார்கள். வெள்ளை டைல்ஸ். எங்கள் ஹாலிலும் வெள்ளை டைல்ஸ்தான்! போவதெல்லாம் நிறையத்தான், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. நான் கூடப் போவதில்லை, கதவைத் திறந்துவிட்டு இட்லி ஊற்றப் போய்விடுவேன்.

ஓசூர் நாய்வீட்டுக்காரர்:
விஷயம் இதுதான். எங்கே போக வேண்டும் என்பதை நாய் குட்டியாக இருக்கும்போது பாதத்தால் படிக்கிறது. எட்டு, ஒன்பது வார வயதிலேயே ‘காலுக்குக் கீழே இப்படி இருந்தால் இங்கே போகலாம்’ என்பது பதிய ஆரம்பித்துவிடும். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும், சிமெண்டுக் கூண்டில் வளர்ந்தது சிமெண்டைத் தேடும். ஜூலி கணக்கில் உங்கள் மாந்தோப்பு விளையாடுகிற இடம், ஹால்தான் பால்கனி. அது வீட்டை அசிங்கம் பண்ணவில்லை, ஒழுங்காகக் கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடித்துப் போகிறது.

அதனால் கழிப்பறையை வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். வீடு கட்டும்போது மிஞ்சிய டைல்ஸ் இருந்தால் ஏழெட்டை மாமரத்தடியில், சுவர் ஓரமாகப் பரப்புங்கள். நிழல் முக்கியம். நம் ஊர் மே மாத வெயிலில் டைல்ஸ் பாதத்தைச் சுட்டுவிடும், ஒரு தடவை சுட்டால் அப்புறம் அந்தப் பக்கமே வராது. ஹாலில் ஒண்ணுக்கைத் துடைத்த துணியை அலசாமல் அதன் மேல் போடுங்கள்.

கயிற்றில் பிடித்து நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்னும். பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போனால் முடித்த அந்த நொடியே, அங்கேயே, உப்புக் காரம் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. உள்ளே வந்தபின் கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் கயிற்றை அவிழ்த்து ஓட விடுங்கள். போனவுடன் உள்ளே இழுத்துவந்தால், ஒண்ணுக்குப் போனால் ஆட்டம் முடிந்தது என்று அடுத்த தடவை அடக்கும்.

போகவில்லையா, சரி. உள்ளே கொண்டுவந்து கயிற்றோடு உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கால்மணி நேரம் கழித்துத் திரும்பக் கூட்டிப் போங்கள். போகாத நாயை ஹாலில் அவிழ்த்து விடாதீர்கள், பாதி வேலை இதில்தான் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டையும் நாள் பூராவும் வைக்காதீர்கள். இரண்டு வேளை நேரத்துக்குப் போட்டால் வெளியே போவதும் நேரத்துக்கு வரும்.

டைல்ஸில் பத்து நாள் ஒழுங்காகப் போன பிறகு, அதன் மேல் ஒரு கை மண் தூவுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம். அப்புறம் ஓரத்திலிருந்து ஒவ்வொரு டைல்ஸாக எடுத்துவிடலாம்.

மருந்தகத்தில் இருந்தவன்:
கால்நடை மருந்தகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஃபினாயில் நம் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும், நாய் மூக்குக்கு அடியில் இருக்கும் மூத்திர வாடை அப்படியே தெரியும். நாய்ச் சாமான் விற்கும் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது, வாடையை வேரோடு எடுப்பது அதுதான். கிடைக்காத வரை துணியால் ஒற்றி எடுத்து, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயு வரும்.

ஜூலிக்கு நோய் மாதிரி தெரியவில்லை. ஆனால் திடீரென்று தண்ணீர் அதிகம் குடித்தாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, தூக்கத்தில் நனைந்தாலோ பழக்கத்தை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் மூத்திரத்தைச் சோதிக்கக் கொடுங்கள்.

லீவுக்குப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். நாய்ப் பீயை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். நாயின் குடலில் கொக்கிப்புழு இருந்தால், அதன் இளம்புழு வெறுங்காலில் தோல் வழியாகவே ஏறும். நாய்க்குக் குடல்புழு மருந்தும் தவறாமல் கொடுங்கள். ‘உரம்தானே’ என்று கீரைப் பாத்தியில் போட்டுவிடாதீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் நாட்டு நாய்க் குட்டிக்கு மூன்று மாதம். பகலில் வெளியே போகிறது, ராத்திரி மட்டும் உள்ளே. இதுவும் டைல்ஸ் கதைதானா?

ஓசூர் நாய்வீட்டுக்காரர்:
இல்லை, இது வயசுக் கதை. மாதக் கணக்கோடு ஒன்று கூட்டுங்கள், ஏறத்தாழ அத்தனை மணி நேரம்தான் தாங்கும். பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து வெளியே விடுங்கள். விளையாட்டுக் காட்டாதீர்கள், தினமும் அந்நேரத்துக்கு உங்களை எழுப்பும்.

காரிமங்கலத்து மருமகள்:
இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது, எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. முதல் நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாமியார் வந்து பார்த்துவிட்டு, “நாய்க்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்கியா?” என்றார். ஐந்தாம் நாள் காலை துணியை மோந்து மூன்று சுற்றுச் சுற்றியது. முன்கால் இரண்டும் மண்ணில், பின்கால் இரண்டும் டைல்ஸில். அப்படியே உட்கார்ந்து போயிற்று. கோழித் துண்டைக் கொடுக்க என் கைதான் நடுங்கியது.

மண் தூவியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. போன வாரக் கோடை மழையில் நனைந்த மண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி ஹாலுக்கு ஓடியது, ஒரே தடவைதான். மரக்கிளையில் பழைய தார்ப்பாயைக் கட்டிவிட்டேன், இப்போது மழையிலும் போகிறது. ஏழு டைல்ஸ் எடுத்தாயிற்று, ஒன்று பாக்கி. அதையும் எடுக்கப் போனால் அதன் மேல் வந்து நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. எடுக்கலாமா அண்ணா?

ஓசூர் நாய்வீட்டுக்காரர்:
இருந்துவிட்டுப் போகட்டும் அம்மா. ஒரு டைல்ஸ்தானே.