குன்னூரிலிருந்து ஊட்டிக்குத் தினமும் வேலைக்குப் போக மலை ரயிலை நம்பலாமா?

ஓட்டுப்பட்டறை புதுசு:

வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மாறுதலில் ஊட்டிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊட்டியில் வாடகை விசாரித்ததும் தலை சுற்றியதால் குன்னூர் ஓட்டுப்பட்டறையில் வீடு பிடித்தேன். அலுவலகம் பிங்கர்போஸ்ட்டில், காலை பத்து மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும், மாலை ஐந்தே முக்காலுக்கு விடுவார்கள். பத்தொன்பது கிலோமீட்டர்தானே, எங்கள் ஊரில் இதை நடந்தே போவான் என்று நினைத்தது என் தப்பு.

காலை எட்டேகால் முதல் ஒன்பது வரை குன்னூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி, ஆஸ்பத்திரி, அலுவலகம், மார்க்கெட்டுக்குப் போகிற மூட்டை, எல்லாம் ஒரே நேரத்தில். ஏறிவிட்டால் மட்டும் என்ன, வளைவுக்கு வளைவு பக்கத்தில் நிற்பவரின் டிபன் கேரியர் விலாவில் இடிக்கும், யாராவது ஒரு குழந்தை வாந்தி எடுக்கும், ஜன்னலைத் திறந்தால் குளிர் என்று நாலு பேர் கத்துவார்கள். சனி ஞாயிறை ஒட்டி விடுமுறை வந்தால் எல்லநள்ளி தாண்டியதும் வண்டி நின்றுவிடுகிறது. போன மாதம் நான்கு நாள் தாமதம். மூன்று நாளைக்கு மேல் தாமதமானால் விடுப்பில் கை வைக்கிறார்கள், மேலதிகாரியிடம் போக்குவரத்து நெரிசல் என்று சொன்னால், "எல்லாரும் அதே ரோட்டில்தானே வருகிறார்கள்" என்கிறார்.

காலையில் ஒரு மலை ரயில் இருக்கிறதாமே, அதை நம்பலாமா? பயமாகவும் இருக்கிறது. மழை பெய்தால் உடனே பேப்பரில் "மலை ரயில் ரத்து" என்று வருகிறது. டிக்கெட்டெல்லாம் சுற்றுலாப் பயணிகளே வாங்கிவிடுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். தினமும் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம், அதற்குள் வீடு மாறவும் முடியாது.

கேத்தி அட்டிக்காரன்:

அண்ணா, முதலில் அந்தப் பேப்பர் பயத்தை விடுங்கள். "மலை ரயில் ரத்து" என்று வருவதில் முக்கால்வாசி மேட்டுப்பாளையம் குன்னூர் பகுதிதான். கல்லாறு தாண்டி அடர்லி, ஹில்குரோ, ரன்னிமேடு பக்கம் மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். ஐப்பசி கார்த்திகையில் அது வழக்கம். அந்த மாதிரி நாட்களிலும் குன்னூர் ஊட்டி வண்டி பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தலைப்பை மட்டும் படித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடாதீர்கள், எந்தப் பகுதி என்று உள்ளே படியுங்கள்.

காலை வண்டி குன்னூரில் ஏழே முக்கால் வாக்கில் கிளம்பும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் நின்று ஒன்பது, ஒன்பதே கால் அளவில் ஊட்டி. நேரம் அவ்வப்போது மாறும், ஸ்டேஷனில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். குன்னூரிலேயே கிளம்புகிற வண்டி என்பதால் கீழே என்ன நடந்தாலும் இதற்குப் பெரிய பாதிப்பு இல்லை. பத்தரை வாக்கில் குன்னூர் வருகிறதே மேட்டுப்பாளையம் வண்டி, அதை மட்டும் வேலைக்கு நம்பவே கூடாது. அது சென்னையிலிருந்து வருகிற நீலகிரி எக்ஸ்பிரஸை எதிர்பார்த்து நிற்கிற வண்டி. அது தாமதமானால் இதுவும் தாமதம், நடுவில் யானை வந்தால் இன்னும் தாமதம்.

ஊட்டி ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் ஒட்டியே இருக்கின்றன. இறங்கி பிங்கர்போஸ்ட் பஸ் பிடித்தால் ஒன்பதே முக்காலுக்குள் உங்கள் அலுவலக வாசலில் டீ குடிக்கலாம்.

சாயங்காலம் உங்களுக்கு வண்டி கிடையாது. ஊட்டியில் கடைசி வண்டி ஐந்தரை வாக்கில் போய்விடும். உங்களை ஐந்தே முக்காலுக்கு விடுகிறார்கள். வண்டியும் உங்கள் அலுவலகமும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நேரம் வைத்திருக்கிறார்கள். வரும்போது பஸ்தான்.

அருவங்காடு ஓய்வு:

கேத்தித் தம்பி சொல்வது சரி. டிக்கெட் விஷயத்தை அவர் தொடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பதிவு இல்லாத டிக்கெட் கவுண்டரில், வண்டி கிளம்புவதற்கு முன்னால் கொடுப்பார்கள். நாலைந்து பெட்டிதான். அந்தப் பெட்டிகளின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் தனித் தனிக் கதவு, எதிரெதிர் பெஞ்சு, உள்ளே ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி கிடையாது. மெட்ராஸ் மின்சார ரயில் மாதிரி "உள்ளே தள்ளிப் போங்க சார்" என்று சொல்ல இடமில்லை. அறை நிறைந்தால் நிறைந்ததுதான். ஆனால் சாதாரண வாரநாளில் காலை வண்டியில் அவ்வளவு கூட்டம் இருக்காது. சுற்றுலா வருகிறவர்கள் ஊட்டியில் தங்கி, பத்து மணிக்கு எழுந்து, பகல் வண்டியில்தான் ஏறுவார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மலர்க் கண்காட்சி நாட்களில் காலை ஆறரைக்கே வரிசை நிற்கும், நானே பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.

இன்னும் நாலு பெட்டி கோர்த்தால் என்ன என்று என் மருமகன் கேட்பான். சொல்வது எளிது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம், சக்கரம் வழுக்காமல் பற்றிக்கொள்ள நடுவில் பல் தண்டவாளம், இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளும். பெட்டிக்கு ஒரு பிரேக்மேன், கையில் கொடியோடு வெளியே நின்றுகொண்டு வருவார். குன்னூருக்கு மேலே பல் தண்டவாளம் கிடையாது, டீசல் இன்ஜின். ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான், தடமும் ஒற்றைத் தடம், எதிர் வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில்தான் மாற வேண்டும். தடமோ மீட்டர் கேஜ் என்கிற ஒரு மீட்டர் அகலத் தடம், இதற்கென்று தனியாகப் பெட்டி செய்ய வேண்டும், வேறு ஊரில் சும்மா நிற்பதைக் கொண்டுவந்து மாட்ட முடியாது.

1873லேயே மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து குன்னூர் ஏற 1899 ஆனது, ஊட்டியைத் தொட 1908. அப்பா அருவங்காடு தொழிற்சாலையில் இருந்தார். நான் பள்ளிக்குப் போன காலத்தில் காலை வண்டி என்றால் வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளும்தான், கேமரா வைத்திருந்தவரை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் சந்தோஷம்தான், இல்லாவிட்டால் நஷ்டம் என்று சொல்லி எப்போதோ மூடியிருப்பார்கள். ஆனால் அதன் பிறகு வண்டி விருந்தாளிக்கு என்று ஆகி, வீட்டுக்காரன் பஸ்ஸில் தொங்குகிறான். என் வருத்தம் அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் டெய்லி:

இங்கே நடக்கிற பேச்சைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஏழே முக்கால் வண்டி, ஜன்னல் ஓரம், பெஞ்சு! நீங்கள் ஒரு நாள் கீழே வந்து காலை மெமு மின்சார ரயிலில் கோயம்புத்தூர் போய்ப் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஏறுகிறவனுக்கு இடம் உண்டு, அதனால் நான் தப்பித்தேன். காரமடையில் பாதி நிறையும், பெரியநாயக்கன்பாளையத்தில் நிற்க இடம் போகும், துடியலூரில் ஏறுகிறவர்கள் ஏறுவதில்லை, பின்னால் இருப்பவர்கள் அவர்களை ஏற்றிவிடுகிறார்கள். வடகோவையில் கொஞ்சம் மூச்சு விடலாம். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒற்றைத் தடம். எதிரே ஏதாவது வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். காலை வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்குள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும், அவ்வளவு இடைவெளி. அதனால்தான் எல்லாரும் அந்த ஒரே வண்டியில் விழுகிறோம். வண்டி சிறிது என்று திட்டுகிறார்கள், எனக்கென்னவோ அந்த இடைவெளிதான் கூட்டத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. அரை மணிக்கு ஒன்று விட்டால் இதே பெட்டியில் உட்கார்ந்து போகலாம்.

இன்னொன்று, மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்த பிறகாவது மலை ரோடு குறையும் என்று நினைத்தேன். 2024 மே மாதம் ஆரம்பித்தார்கள், அடுத்த வருஷம் ஊட்டிக்கு வாரநாளில் ஆறாயிரம் வண்டி, சனி ஞாயிறில் எட்டாயிரம் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் குன்னூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குக் கிளம்பினால் பர்லியாறு வரை நன்றாக இருக்கிறது, மேலே போகப் போக கார் வரிசை. எட்டாயிரமும் ஒரே நேரத்தில் ஏறினால் வரம்பு வைத்து என்ன.

பேசாமல் பார்த்தவன்:

பஸ் கூட்டத்துக்கு ஒரே காரணம் பெண்களுக்கு இலவசம் என்று விட்டதுதான். பக்கத்து ஸ்டாப்புக்கும் பஸ் ஏறுகிறார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

வெலிங்டன் செவிலி:

சொல்கிறவருக்கு ஒரு வார்த்தை. கட்டணமில்லாப் பயணம் மலைக்கு வந்தது 2024ல்தான். நான் வெலிங்டனிலிருந்து ஊட்டிக்குப் பதினாறு வருஷமாக பஸ்ஸில் போகிறேன், அந்தப் பதினாறு வருஷமும் படியில்தான். ஸ்டாப்பில் நின்றால் குன்னூரிலேயே நிறைந்து வருகிற பஸ் நிற்காமல் போகும், அடுத்ததும் நிற்காது, மூன்றாவது கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும், பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மழையில் அந்த ஓட்டத்தில் ஒரு தடவை விழுந்து முழங்கை உடைந்தது. இலவசம் வந்த பிறகு தேயிலை பறிக்கிற அக்காமார் சிலர் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தயங்காமல் கூட்டி வருகிறார்கள், அது எங்கள் வார்டில் தெரிகிறது. கூட்டம் அதிகம் என்றால் பஸ்ஸை அதிகமாக்கச் சொல்லுங்கள், எங்களை இறக்கிவிடச் சொல்லாதீர்கள்.

ஓட்டுப்பட்டறை தம்பிக்கு: நீங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறுகிறீர்கள், அதுவே பாக்கியம். எனக்கு ஷிப்ட் காலை எட்டு மணி என்பதால் ரயில் உதவாது. உங்களுக்கு உதவும், போங்கள். காலை வண்டியில் வெலிங்டன், அருவங்காட்டில் கொஞ்சம் பிள்ளைகள் ஏறுவார்கள், சத்தம் போடுவார்கள், அவ்வளவுதான். ஸ்வெட்டர் இல்லாமல் ஏறாதீர்கள், கேத்தி தாண்டியதும் காற்று வேறு மாதிரி இருக்கும். அப்புறம் பஸ் காசையும் பையில் தனியாக வைத்திருங்கள். லவ்டேலுக்கு முன்னால் தண்டவாளத்தில் காட்டெருமை நின்றால் அது நகரும்வரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கேத்தி அட்டிக்காரன்:

அக்கா சொன்ன காட்டெருமை உண்மை. ஆனால் இறங்கி ஓடாதீர்கள். போன வருஷம் ஒருவர் அவசரம் என்று கேத்தியில் இறங்கி மெயின் ரோட்டுக்கு மேடேறி பஸ் பிடித்தார், அவர் ரோட்டுக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நாங்கள் அவரைவிட முன்னால் ஊட்டி போனோம். அவர் எங்கள் அட்டிக்காரர்தான், அதாவது எங்கள் கிராமத்துக்காரர், இன்றும் கேட்டால் கோபப்படுவார்.

ஓட்டுப்பட்டறை புதுசு:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

திங்கள்: ஏழு மணிக்கே ஸ்டேஷன் போய்விட்டேன், டிக்கெட் கிடைத்தது, இடமும் கிடைத்தது. கிளம்பியதும் வண்டி பின்னால் போக ஆரம்பித்தது, தப்பான வண்டியில் ஏறிவிட்டேனோ என்று எதிரில் இருந்தவரிடம் கேட்டுவிட்டேன். குன்னூரில் அப்படித்தான், கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் மேலே திரும்பும் என்று சொல்லிவிட்டு அவர் ஊட்டி வரை சிரித்துக்கொண்டே வந்தார். ஒன்பதரைக்கு அலுவலகம். காவலாளி கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

செவ்வாய், புதன் சரியாக இருந்தது. வியாழன் அருவங்காட்டில் இருபது நிமிடம் நின்றோம், காரணம் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். வெள்ளி நல்ல மழை, பேப்பரில் "மலை ரயில் ரத்து". உள்ளே படித்தேன், கல்லாறு பக்கம்தான். கேத்தித் தம்பிக்கு ஒரு டீ பாக்கி.

சாயங்காலம்தான் அப்படியே இருக்கிறது. ஆறு மணிக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பக்கத்தில் ஸ்டேஷன் காலியாக, விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. கால் மணி முன்னால் விட்டால் காலையில் அரை மணி முன்னால் வந்து வேலை பார்க்கிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். கால் மணி முன்னால் விட்டாலும் ஐந்தரை வண்டியைப் பிடிக்க முடியாது என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மே மாதம் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

அருவங்காடு ஓய்வு:

மே மாதம் லீவு போட்டு திண்டுக்கல் போங்கள் தம்பி, நாங்களே அப்போது வீட்டைவிட்டு வெளியே வர மாட்டோம்.