மழை, பனி என்று சைக்கிள் ரேஸைச் சுருக்குவது சரியா?

கோவை_பெடல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஐரோப்பிய ரோடு ரேஸ்களைப் பார்க்கத் தொடங்கி நாலு வருடம்தான் ஆகிறது. ஒரு விஷயம் இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2024 ஜிரோ டி இத்தாலியா என்ற மூன்று வார ரேஸில் 16ஆவது ஸ்டேஜ், அதாவது 16ஆவது நாள் ஓட்டம், லிவிஞ்ஞோவில் கிளம்ப வேண்டியது. அன்றைக்கு ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மழை, மேலே பனி. வீரர்கள் கிளம்ப மாட்டோம் என்றார்கள். கடைசியில் உம்பிரைல் கணவாயை எடுத்துவிட்டு, பஸ்ஸில் கீழே கொண்டுபோய், லாசா என்ற ஊரிலிருந்து சுமார் 120 கி.மீ. மட்டும் ஓட்டினார்கள். போகச்சார் ஜெயித்தார், சரி. ஆனால் அந்த மலையில் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

1988 ஜிரோவில் காவியா கணவாயில் பனிப்புயலுக்குள்ளேயே ஓட்டினார்களே? அப்போது இந்த ஜாக்கெட் உண்டா, டிஸ்க் பிரேக் உண்டா? நானும் மழையில் ஓட்டுகிறவன்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது மழை வந்தால் எங்கள் குழுவில் எல்லோருக்கும் குஷி. சம்பளம் வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் என்ன பிரச்சினை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:

தம்பி, கேள்வி நியாயமானது. சுவிஸுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் மழை என்றால் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போய், நனைந்துகொண்டே வீடு வந்தவன் நான். மழைக்கு ஒருவன் சைக்கிளை விட்டு இறங்குவான் என்பதே அப்போது புதுமை.

ஃபூர்கா கணவாய்தான் எனக்குப் புத்தி சொன்னது. 2,429 மீட்டர். ஜூன் மாதம், கிளம்பும்போது நல்ல வெயில். கிளெட்ச் தாண்டி ஏறும்போது தூறல் பிடித்தது. நீங்கள் சொல்கிற அதே குஷிதான் எனக்கும். உடம்பில் வேர்வை, முகத்தில் மழை, சுகமாக இருந்தது. உச்சிக்கு வந்தபோது மழையோடு பனியும் கலந்து விழுந்தது. மெல்லிய மழை ஜாக்கெட், பாதி விரல் கையுறை, அவ்வளவுதான் என்னிடம்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு தாண்டியதும் விரல்கள் போய்விட்டன. வலி இல்லை, ஒன்றுமே இல்லை. பிரேக்கை அழுத்துகிறேனா என்று குனிந்து கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் நடுக்கம் தொடங்கியது. தோள் நடுங்கினால் ஹேண்டில்பாரும் நடுங்கும், முன்சக்கரம் ரோட்டில் இப்படியும் அப்படியும் ஆடும். ரெயால்ப் ஸ்டேஷன் வரைக்கும் எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. அங்கே ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியவில்லை. ரயிலுக்குக் காத்திருந்த ஒரு பாட்டி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், என் தாடைக்குக் கீழே கை விட்டு அந்தக் கிளிப்பைக் கழற்றிவிட்டார். இரண்டு கையாலும் பிடித்தும் காப்பி சிந்தியது.

இதுதான் விஷயத்தின் மையம். ஏறும்போது குளிர் ஆளை ஒன்றும் செய்யாது. ஒரு நல்ல வீரர் மலையில் பெடலுக்கு 400 வாட் கொடுக்கிறார் என்று வையுங்கள். உடம்பு எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவுதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. ஆயிரத்து இருநூறு வாட்டுக்கு மேல், அறைக்குள் வைக்கிற ஒரு ஹீட்டர் அளவு. உச்சியில் பெடலை நிறுத்தியதும் அந்த ஹீட்டர் கிட்டத்தட்ட அணைந்துவிடும். அதே நிமிடத்தில் வேகம் மணிக்கு 15-லிருந்து 60, 70 கி.மீ. ஆகிறது. 2 டிகிரி குளிரில் 60 கி.மீ. காற்று, உலர்ந்த தோலுக்கே மைனஸ் 6 போல உறைக்கும். இவர்கள் தொப்பலாக நனைந்தவர்கள். தோலுக்குக் கீழே கொழுப்பும் கிடையாது, மூன்று வார ரேஸில் மலையேறுகிறவன் எலும்பும் தோலுமாகத்தான் இருப்பான்.

கோத்தகிரி இறக்கத்தில் கீழே வரவர வெயில் உங்களை வரவேற்கும். அங்கே அடுத்த பள்ளத்தாக்கிலும் மழைதான், அப்புறம் இன்னொரு மலை.

இப்போது காவியாவுக்கு வருகிறேன். 1988 ஜூன் 5, கியேசா வால்மலெங்கோவிலிருந்து போர்மியோ வரை 120 கி.மீ. அந்தக் கணவாய் 2,600 மீட்டருக்கு மேல், அப்போது ஏறும் பக்கம் மண் ரோடு. ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அமெரிக்க அணி, வானிலையைப் பார்த்துவிட்டு அன்று காலையிலேயே பனிச்சறுக்குக் கடைகளில் கம்பளிக் குல்லாவும் தடித்த கையுறையும் வாங்கி வைத்தது. அவர் உடம்பெல்லாம் லேனோலின் கொழுப்பைப் பூசிக்கொண்டு கிளம்பினார். மேலே போகும்போது தலையைக் கையால் துடைத்தால், முடியில் சேர்ந்திருந்த பனி உருண்டையாக முதுகில் விழுந்ததாம். அன்று எரிக் பிரூகிங்குக்கு 7 விநாடி பின்னால் இரண்டாவதாக வந்து, மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்ஸியை வாங்கினார். அந்த ஜிரோவையும் ஜெயித்தார், அதை ஜெயித்த முதல் அமெரிக்கர்.

நாம் இதோடு கதையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் அன்று உச்சியை முதலில் தொட்டவர் யோஹான் வான் டெர் வெல்டே, நெதர்லாந்துக்காரர். அரைக்கை ஜெர்ஸியோடு ஏறி எல்லோரையும் பின்னால் விட்டவர். இறங்கத் தொடங்கியதும் குளிர் ஆளைப் பிடித்துக்கொண்டது. வழியிலேயே ஒரு வண்டிக்குள் ஒதுங்கி, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, போர்மியோவுக்கு வந்து சேர்ந்தபோது ஜெயித்தவருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்னால். ஏறும்போது அத்தனை பேரிலும் பலமானவர் அவர். அவரைக் கோழை என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்று. 1980 லியேஜ்–பஸ்தோன்–லியேஜ், பெல்ஜியத்தின் ஒரு நாள் ரேஸ். பனி கொட்டியது. பெர்னார் இனோ சுமார் 80 கி.மீ. தனியாக ஓட்டி, இரண்டாவதாக வந்த ஹென்னி கைபருக்கு 9 நிமிடம் 24 விநாடி முன்னால் வந்தார். எல்லோரும் இதைச் சொல்வார்கள். அன்று கிளம்பியவர்கள் 174 பேர், முடித்தவர்கள் 21 பேர். 153 பேர் நடுவழியில் விட்டுவிட்டார்கள், அதுவும் அந்தக் காலத்து ‘இரும்பு மனிதர்கள்’தான். இனோவுக்கே கையில் இரண்டு விரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் ஓட்டினார்கள் என்று நாம் பேசும்போது அந்த 21 பேரைத்தான் நினைக்கிறோம். எனக்கு அந்த 153 பேர் மேல்தான் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

லிவிஞ்ஞோ நாளில் எனக்கும் கோபம் உண்டு, ஆனால் வீரர்கள் மேல் இல்லை. உம்பிரைல் உச்சியில் எல்லோரும் சற்று நின்று உடை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. விரல் செத்தவனுக்கு ஒரு ஜிப்பை இழுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார். வானிலை அறிக்கை முன்கூட்டியே கையில் இருக்கிறது. முந்தின இரவே முடிவு எடுத்திருந்தால், காலையில் அவ்வளவு பேரை மழையில் இழுத்தடித்திருக்க வேண்டாம். நீங்கள் அரை நாள் லீவும் போட்டிருக்க மாட்டீர்கள்.

எதிர்காற்று:

மலைப்பாதை அண்ணன் குளிரைச் சொல்லிவிட்டார். நான் காற்றைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அதற்கு யாரும் ரேஸை நிறுத்தச் சொல்லிப் பார்ப்பது அபூர்வம்.

பக்கக் காற்றில் முன்னால் போகிறவனின் நேர் பின்னால் நின்றால் மறைவு கிடைக்காது, சரிவாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். ரோட்டின் அகலத்துக்குப் பத்து, பதினைந்து பேர் சாய்வான வரிசையாக நின்றால் இடம் தீர்ந்துவிடும். பதினாறாவது ஆள் ரோட்டோர விளிம்பில் முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அவன் முன்னால் ஒரு மீட்டர் இடைவெளி விழுந்தால் அது பத்து மீட்டர் ஆகும், அப்புறம் ரேஸே இரண்டாகிவிடும்.

2013 டூர் டி பிரான்ஸில் சேன்-அமான்-மொன்ரோனுக்குப் போன 13ஆவது ஸ்டேஜ் முழுக்கச் சமவெளி. அன்று வால்வெர்டேக்கு வீல் போனது, மாற்றிவிட்டு வருவதற்குள் காற்றில் முன் குழு பறந்துவிட்டது. கிட்டத்தட்ட 10 நிமிடம் இழந்தார். கடைசி 30 கி.மீ.யில் கொன்டடோரின் அணி குழுவை மறுபடி உடைத்தது, மொத்த நேரத்தில் முன்னிலையில், மஞ்சள் ஜெர்ஸியில் இருந்த ஃப்ரூமே 1 நிமிடம் 9 விநாடி விட்டார். ஒரு மலைகூட இல்லாமல்!

2015 ஹென்ட்–வேவெல்ஹெம், அந்த பெல்ஜிய ஒரு நாள் ரேஸைப் பார்த்திருக்கிறீர்களா? சைக்கிளோடு ஆட்களைக் காற்று தூக்கிப் போட்டது. கெரைன்ட் தாமஸ் நேராகச் சாலையோரக் குழிக்குள் போய் விழுந்தார், எழுந்து ஓட்டி மூன்றாவதாக வந்தார். ஜெயித்தவர் லூகா பாவோலினி. முடித்தவர்கள் 39 பேர்தான். நான் பார்த்ததிலேயே மிக அழகான ரேஸ் அதுதான் என்பேன், ஆனால் அதை மறுபடி பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும்.

கோவை_பெடல்:

அண்ணா, அந்த 174-ல் 21 கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. நான் கேட்ட விதம் தப்பு என்று படுகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, 2019 டூரில் இசரான் மலையில் நடுவிலேயே நிறுத்தி, உச்சியில் எடுத்த நேரத்தை வைத்து மஞ்சள் ஜெர்ஸியை மாற்றினார்களே, அதுவரை அதைப் போட்டிருந்த அலாபிலிப்புக்கு அது அநியாயம் இல்லையா? அவர் இறக்கத்தில் கெட்டிக்காரர். இரண்டு, வெயிலுக்கு ஏன் யாரும் நிறுத்துவதில்லை?

மலைப்பாதை:

தம்பி, தப்பு ஒன்றும் இல்லை. நல்ல கேள்வியால்தான் இத்தனையும் பேச முடிந்தது.

இசரான் நாள், 2019 ஜூலை 26. 2,770 மீட்டர் உச்சியை எகான் பெர்னால் தனியாகக் கடந்தார், அலாபிலிப் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்னால். இறங்கிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தினார்கள். எனக்கும் முதலில் பதறியது. அப்புறம் டிவியில் கீழே ரோட்டைக் காட்டினார்கள். ஆலங்கட்டி மழை குவிந்து கிடக்க, பனி அகற்றும் வண்டி சேறும் தண்ணீருமாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் மண் சரிந்து ரோட்டையே மூடியிருந்தது. ஓட்ட ரோடு இல்லை. உச்சியில் எடுத்த நேரம் மட்டும்தான் எல்லோருக்கும் பொதுவாகக் கையில் இருந்தது. அலாபிலிப் இறங்கிப் பிடித்திருப்பாரா? கொஞ்சம் பிடித்திருக்கலாம், ஆனால் அப்புறம் ஸ்டேஜ் முடியும் டீன் வரை இன்னொரு ஏற்றம் இருந்தது. அன்று ஸ்டேஜ் ஜெயித்தவர் என்று யாரையும் அறிவிக்கவில்லை, அது சரியான முடிவு. மறுநாள் ஸ்டேஜையும் 130 கி.மீ.யிலிருந்து 59 ஆகக் குறைத்தார்கள். அலாபிலிப்பை எனக்கு மிகவும் பிடிக்கும், அந்த இரண்டு நாளும் அவரைப் பார்க்க மனசு தாங்கவில்லை. ஆனாலும் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

வெயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. சர்வதேச சைக்கிள் சங்கம் 2016-ல் கொண்டுவந்த மோசமான வானிலை விதியில் உறைமழை, ரோட்டில் பனி, பலத்த காற்று, கடும் வெப்பநிலை, பார்வை மறைவு, காற்று மாசு எல்லாம் இருக்கிறது. அதாவது வெயிலும் அதில் உண்டு. ஆனால் பனி கேமராவில் தெரிகிறது, வெயில் தெரிவதில்லை. 2003 டூரில் கப் ஊருக்கு இறங்கும்போது உருகிய தாரில் ஹோசேபா பெலோக்கி சறுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்தது, அதோடு அவருடைய உச்சகாலமே முடிந்தது. இப்போது தார் இளகும் இடங்களில் லாரியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். வீரர்கள் நைலான் காலுறையில் ஐஸைக் கட்டிப் பிடரியில் சொருகிக்கொள்கிறார்கள். ஆனால் மதிய உச்சி வெயிலில் கிளம்பும் நேரத்தை மட்டும், டிவி ஒளிபரப்பு கெடும் என்று, பெரும்பாலும் மாற்றுவதில்லை. இதில் வீரர்கள் சங்கம் இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

கோவை_பெடல்:

மிக்க நன்றி அண்ணா. ஐப்பசி மழையில் எங்கள் குழு கோத்தகிரி போகிறது. அங்கிருந்து ஊட்டிக்கும் ஏறி, அன்றே மேட்டுப்பாளையம் இறங்குவதாகத் திட்டம். கையில் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

மலைப்பாதை:

ஊட்டி என்றால் விளையாட்டு இல்லை, அது 2,200 மீட்டர். முழு விரல் கையுறை ஒரு ஜோடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி முதுகுப் பையில். ஏறும்போது போடாதீர்கள், நனைந்துவிடும். ஒரு காய்ந்த பனியனும் கூடவே. உச்சியில் டீக்கடையிலேயே, விரல் வேலை செய்யும்போதே எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒரு நியூஸ்பேப்பரை மடித்து ஜாக்கெட்டுக்கு உள்ளே நெஞ்சில் வையுங்கள், பழைய வீரர்கள் எல்லோரும் செய்தது அது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள்.

கையுறைக்குச் செலவு செய்ய வேண்டாம் என்றால், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை உங்கள் கையுறைக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.