சங்கத்துக்கான அரட்டைச் சேவையகம்: நிறுவிய விதமும் இனித் தேவைப்படும் உதவியும்

மதிப்புக்குரிய ஊரவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குளம் தூர்வாரும் கணக்கும், பள்ளி நூலகத்துக்கான புத்தகப் பட்டியலும், திருவிழா உபயமும் ஒரே கைபேசிக் குழுவில் கலந்து ஓடியதால், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த முன்பணத்தின் ரசீதைத் தேடி நாம் இரண்டு வாரம் அலைந்தது நினைவிருக்கும். அதன்பின் செயற்குழு கேட்டுக்கொண்டபடி, மேட்டர்மோஸ்ட் என்னும் திறமூல அரட்டை மென்பொருளை வாடகைச் சேவையகம் ஒன்றில் நிறுவி, ஒரு மாதமாகச் சோதித்து வருகிறேன். நம்மைப் போன்ற சிறு குழுவுக்கு 2 ஜிபி நினைவகம் போதும்.

மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக (கொள்கலன்களாக) இயக்கும் கருவி டாக்கர்; எந்தெந்தக் கொள்கலன் எப்படி இயங்க வேண்டும் என்று குறிக்கும் அதன் கம்போஸ் கோப்பு ஒன்றில் மூன்று கொள்கலன்களை எழுதியிருக்கிறேன். ஒன்றில் மேட்டர்மோஸ்ட், மற்றொன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மூன்றாவதில், வெளியிலிருந்து வரும் இணைய இணைப்புகளை வாங்கி மேட்டர்மோஸ்டுக்கு அனுப்பும் கேடி என்னும் வலைச் சேவையக மென்பொருள். இணைப்பைக் குறியாக்கிப் பாதுகாக்க லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழைத் தானே பெற்று, அது காலாவதியாகும் முன்பே புதுப்பித்துவிடும் என்பதற்காகவே கேடியைத் தேர்ந்தேன். கொள்கலனை எப்போது வேண்டுமானாலும் அழித்து மீண்டும் உருவாக்கலாம். ஆனால் அதற்குள்ளேயே எழுதப்பட்டவை அதனோடு போய்விடும். ஆகவே அமைப்புக் கோப்புகள், உறுப்பினர் பதிவேற்றும் படங்கள், தரவுத்தளம் ஆகியவற்றின் கோப்புறைகளைச் சேவையகத்தின் வட்டில் வைத்து, கொள்கலனோடு இணைத்திருக்கிறேன். முதல் நாள் மேட்டர்மோஸ்ட் திரும்பத் திரும்ப நின்று தொடங்கியது. அது 2000 என்னும் பயனர் எண்ணில் இயங்குவதால், அந்தக் கோப்புறைகளின் உரிமையையும் அதே எண்ணுக்கு மாற்றியபின்தான் சரியாயிற்று.

பாதுகாப்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டாக்கர் தனக்கான ஐபிடேபிள்ஸ் விதிகளை (லினக்ஸில் வலைப் போக்குவரத்தை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் விதிகளை) தானே எழுதிக்கொள்வதால், அவ்விதிகளை எளிதாக அமைக்க உதவும் யூஎஃப்டபிள்யூ தீயரணில், மேட்டர்மோஸ்ட் பயன்படுத்தும் 8065 என்ற போர்ட்டை (இணைப்பு வாயிலை) மூடியிருந்தாலும், கம்போஸ் கோப்பில் அதை வெளியிட்டிருந்தால் அது இணையத்துக்குத் திறந்தே கிடக்கும். அதனால் போர்ட்டை வெளியிடும் வரியை அறவே நீக்கிவிட்டேன். கேடி உள்வலையமைப்பின் வழியாகவே மேட்டர்மோஸ்டை அடைகிறது. கைபேசி அறிவிப்புகள் ஆப்பிள், கூகுள் நிறுவனங்களின் வழியே செல்வதைத் தவிர்க்க முடியாது என்பதால், அவற்றில் அனுப்பியவர் பெயர் மட்டும் தெரியுமாறு அமைத்திருக்கிறேன்.

எனக்கு மிகுந்த கவலை தருவது பதிப்பு மாற்றம். கம்போஸ் கோப்பில் பதிப்பெண்ணுக்குப் பதில் 'லேட்டஸ்ட்' (ஆகப் புதியது) என்று எழுதிவிட்டால், ஒருநாள் போஸ்ட்கிரெஸ் அடுத்த பெரும்பதிப்புக்குத் தாவும். பழைய பதிப்பின் தரவுக் கோப்புறையைப் புதியது திறக்க மறுத்துவிடும். தரவு அழிந்திருக்காது என்றாலும், காரணம் புரியாதவர் பதற்றத்தில் கோப்புறையையே அழித்துவிடக்கூடும். எனவே பதிப்பெண்ணைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். பெரும்பதிப்பை மாற்றும்போது, பிஜி டம்ப் என்னும் போஸ்ட்கிரெஸ் கருவி கொண்டு தரவை வெளியே எடுத்து, புதிய கோப்புறையில் ஏற்ற வேண்டும்.

அதே பிஜி டம்ப் இரவுதோறும் காப்பு நகலும் எடுக்கிறது. படங்களின் கோப்புறை தனி என்பதால் அதையும் சேர்த்து, குறியாக்கம் செய்து வைக்கிறேன். சென்ற ஞாயிறு வெற்று மடிக்கணினி ஒன்றில் அந்த நகலை மீட்டுப் பார்த்தேன்; ரசீதுகள் உட்பட எல்லாம் வந்தன. ஆயினும் அந்த நகல் இப்போது என் வீட்டில் மட்டுமே இருக்கிறது, கடவுச்சொற்களும் என்னிடம் மட்டுமே இருக்கின்றன. சங்கத்தின் கணக்குகள் ஒருவர் கையில் மட்டும் இருப்பது முறையன்று.

ஆகவே வேறொரு நாட்டில் வசிப்பவரும், லினக்ஸ் கட்டளை வரியில் பழக்கமுள்ளவருமான ஓர் உறுப்பினர் இரண்டாம் நிர்வாகியாகப் பொறுப்பேற்க வேண்டுகிறேன். முன்வருபவர் இம்மடலுக்கு மறுமொழி அனுப்பினால், இருவருமாக ஒரு மாலை அமர்ந்து, நகலிலிருந்து மீட்கும் வேலையை அவர் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்கலாம். அது முடிந்த பிறகே மற்ற உறுப்பினர்களுக்கு அழைப்பு இணைப்பை அனுப்புவேன்.