யாழ்ப்பாணம் நல்லூரில், பழைய அரசர்களின் அரண்மனை இருந்த இடம் என்று சொல்லப்படும் சங்கிலியன் தோப்பில் உங்களுக்கு என்ன நடந்தது?

நல்லூரான்:
அரண்மனை வாசல் என்று சொல்லப்படும், அங்கே தனியே நிற்கும் தோரண வாசலைத் தெரியாதவர் இங்கே இல்லை. போன திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பருத்தித்துறை வீதியில் ஓட்டோவால் இறங்கினதும் கேட்டான்: "மாமா, அரண்மனை எங்கே?" நான் வாய் திறக்கமுன் சைக்கிளில் ஒரு ஐயா வந்தார். இறங்கிச் செருப்பைக் கழற்றினார், வாசலுக்கு நேரே குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "யாருக்கு அப்பு கும்பிடுறீங்கள்?" என்று பெடியன் கேட்டுவிட்டான். "எங்கட ராசாவுக்கு" என்றார், சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். 400 வருடம் கழித்தும் ஒரு மனிதன் அப்படிக் குனிகிறான். இன்றும் அந்தப் பக்கம் போனால் அவரைத் தேடுகிறேன்.

கொக்குவில் ஆசிரியர்:
தம்பி, ஐயாவின் பக்திக்கு மரியாதை. ஆனால் அந்த வாசலை யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் கட்டினான் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். வளைவும் சாந்து வேலையும் போர்த்துக்கேயருக்குப் பின்னால் வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலச் சாயல். 1619இல் நல்லூரைப் பிடித்த போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா, 1621இல் கந்தசுவாமி கோவிலையே இடித்து, தலைநகரையும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினான். அரண்மனை வாசலை மட்டும் விட்டுவைப்பானா?

எனக்கு மனதில் நிற்பது பக்கத்தில் இருக்கும் பழைய குளமான யமுனா ஏரிதான். படிக்கட்டில் கிடந்த பிளாஸ்ரிக் போத்தல்களைப் பொறுக்கினேன், அடியில் பாசி பிடித்த பழைய படிக்கல் தெரிந்தது. அவ்வளவுதான்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் வாசலில் தொடங்க வேண்டாம். முதலில் நான்கு காவல் கோவில்களையும் சுற்றுங்கள்: வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். அதற்கு நடுவே இருந்ததுதான் தலைநகர் என்று காலாலேயே விளங்கும். அப்புறம் 'ப' வடிவ யமுனா ஏரி. மந்திரியின் வீடு என்று சொல்லப்படும் மந்திரி மனையைக் கடைசியில் வையுங்கள், அதுவும் இன்றிருக்கும் வடிவில் பிற்காலத்துக் கட்டடம். வெயில் ஏறமுன் சைக்கிளில் போங்கள். கந்தசுவாமி கோவில் திருவிழாவில் கட்டியம் (புகழ் கூறும் வாசகம்) சொல்லும்போது பிள்ளையைச் சத்தம் போடாமல் கேட்கச் சொல்லுங்கள், கோவிலைக் கட்டியவர் என்று சொல்லப்படும் புவனேகபாகுவின் பெயர் இன்றும் வருகிறது. கல்லைவிட அது உறுதியான சான்று.

மன்னார்ப் பிள்ளை:
எங்கள் ஊரில் சங்கிலி என்றால் வேறு நினைவு. 1544இல் மன்னாரில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியவர்களை வெட்டுவித்த மன்னன். அம்மம்மா அந்தப் பெயரைச் சொல்லும்போது சிலுவை போட்டுக்கொள்வார். யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்தபோது, நல்லூர் முத்திரைச் சந்தியில் இருக்கும் சங்கிலியன் சிலைக்கு மாலை போடப் போன சிநேகிதி என் கையிலும் பூவைத் தந்துவிட்டாள். குதிரையில் வாளோடு ராசா, கீழே பூவோடு நான். "இது எந்தச் சங்கிலி?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். 1544இல் இருந்தவர் முதலாம் சங்கிலி, 1619இல் தோற்றவர் இரண்டாம் சங்கிலி. இரண்டு பேர், இரண்டு காலம். ஆசிரியர் ஐயா கல்லுக்குக் காலம் சொன்னார், இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வண்ணார்பண்ணையான்:
தங்கச்சி சொன்னது சரி. இரண்டாமவரும், அரசைப் பொறுப்பில் நடத்திய அரசகேசரியைக் கொன்றுதான் 1617இல் ஆட்சிக்கு வந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரின் படை உதவியோடு பறங்கியரை (போர்த்துக்கேயரை) எதிர்த்து நின்றவர் அவர். கடல் வழியே தப்பும்போது பிடிபட்டார். 1623இல் கோவாவில் மரண தண்டனை.

நான் பழைய கோவாவுக்குப் போனேன். சவேரியாரின் உடல் இருக்கும் பேராலயத்தில் நீண்ட வரிசை. வழிகாட்டியிடம், "யாழ்ப்பாணத்து ராசாவைக் கொன்ற இடம் எது?" என்று கேட்டேன். "எந்த ராசா?" என்றார். அந்த வெயிலில் நெஞ்சு அடைத்துவிட்டது. ஒரு பெயர்ப் பலகைகூட என் கண்ணில் படவில்லை. வாசல் யாருடையது என்று இங்கே சண்டை போடுகிற நேரத்தில், அங்கே போகிற யாராவது அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தால் படம் எடுத்துப் போடுங்கள்.