விட்டுப்போன நாளுக்கு மறுநாள் என்ன செய்தீர்கள்?

நல்ல பழக்கங்களை எப்படித் தொடங்குவது என்று இங்கே நிறையப் பேசிவிட்டோம். சீக்கிரம் எழுவது, நோட்டு வாங்குவது, தீர்மானம் எடுப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கேட்க நினைப்பது வேறு. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பழக்கம் ஒருநாள் விட்டுப்போகிறது. அதற்கு மறுநாள் நீங்கள் என்ன செய்தீர்கள்? என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மெய்ப்புப் பார்ப்பவன். பகல் முழுக்க அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழை திருத்துகிற வேலை. சொந்தமாக எழுத வேண்டும் என்ற ஆசை பல வருடமாக இருந்தது. ஒருவழியாக, இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். எழுதிய நாளுக்குச் சுவர்க் காலண்டரில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. 41 நாள் விடாமல் குறி விழுந்தது. 42ஆம் நாள் மகளுக்குக் காய்ச்சல். இரவெல்லாம் அவள் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எழுதாததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

சிக்கல் மறுநாள்தான் வந்தது. காய்ச்சல் விட்டிருந்தது, நேரமும் இருந்தது. காலண்டரைப் பார்த்தேன். 41 சிவப்புக் குறிகள் இருந்தும், வெறுமையாகக் கிடந்த அந்த ஒரு கட்டம்தான் கண்ணில் பட்டது. சரி, ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம் என்று நோட்டை மூடி வைத்தேன். அந்த ஒன்றாம் தேதி வருவதற்கு ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ‘21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, எனக்கு 41 நாள் செய்தும் ஆகவில்லையே என்று தேடிப் படித்தேன். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதியது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் அனுபவத்தில் கண்டதைச் சொன்னார். வாய்வழியாகப் பரவும்போது அந்தக் ‘குறைந்தது’ உதிர்ந்துபோய்விட்டது.

முறையாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும். ஆய்வு 2010இல் வெளியானது. 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து 84 நாள் பின்பற்றினார்கள். யோசிக்காமலே செய்கிற நிலைக்கு வர ஆன காலத்தின் இடைநிலை 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது (84 நாளைத் தாண்டியவை, பதிவுகளின் போக்கை வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடு). என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு வரி. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாகும் போக்கு குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை என்பது. நான் ஐந்து மாதத்தைத் தொலைத்தது அந்த வெற்றுக் கட்டத்தால் அல்ல. அதற்கு நான் கொடுத்த அர்த்தத்தால்.

திரும்பி வந்தபோது புது நோட்டு வாங்கவில்லை. அதே நோட்டில், விட்ட இடத்துக்கு அடுத்த வரியில் எழுதினேன். இரண்டே வரி. காலண்டரில் பழைய கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. உங்கள் மறுநாளைச் சொல்லுங்கள்.

*

நான் நர்ஸ். மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். ‘இரவுச் சாப்பாடு முடிந்ததும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஏக்கமாக இருந்தது, ஏனென்றால் எனக்கு இரவுச் சாப்பாடு என்று ஒரு நேரமே கிடையாது. பழக்கங்களைப் பற்றி எழுதுகிற பலரும் காலையும் மாலையும் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களைப் போன்றவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் முதலில் எழுத வந்தேன்.

எனக்கு இடுப்பு வலி. நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்து வந்த வலி. பிசியோதெரபிஸ்ட் நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மொத்தமே ஆறு நிமிடம். காலை ஆறு மணி என்று அலாரம் வைத்துப் பார்த்தேன். பாதி நாள் அந்த நேரத்தில் வார்டில் இருப்பேன். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நின்றுபோனது.

அப்புறம் ஒருநாள், எந்த ஷிஃப்டாக இருந்தாலும் நான் தவறாமல் செய்வது என்ன என்று யோசித்தேன். சீருடையைக் கழற்றிப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற கொக்கியில் மாட்டுவது. அது காலை எட்டு மணியாகவும் இருக்கலாம், ராத்திரி பத்தாகவும் இருக்கலாம், ஆனால் நடந்தே தீரும். சட்டை கொக்கியில் தொங்கியதும் இரண்டு கையையும் கதவு நிலையில் ஊன்றி முதல் பயிற்சியைச் செய்வேன். கைக்கு அந்த மரத்தின் இடம் இப்போது பழகிப்போய்விட்டது. இருட்டிலும் சரியாகப் போய் ஊன்றும். ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது பலன் தருகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1990களிலேயே எழுதியிருக்கிறார். நான் அதைப் படித்தது பின்னால்தான்.

இனி மறுநாள். ஒரு இரவுப் பணியில் அடுத்தடுத்து இரண்டு அவசர கேஸ். வீட்டுக்கு வந்து சீருடையோடு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. நேற்று விட்டுப்போச்சே என்று மனசு கனத்தது. எழுந்து சீருடையைக் கழற்றி மாட்டினேன், கை தானாகக் கதவு நிலைக்குப் போனது. நான் தீர்மானம் எதையும் புதுப்பிக்கவில்லை. பழக்கம் அந்தச் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்ததால் அது எனக்காகக் காத்திருந்தது.

*

சகோதரி சொன்ன கதவு நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்கு 58 வயது. சர்க்கரை இருக்கிறது. சாப்பிட்ட பிறகு நடங்கள், அந்த நேரத்து ஏற்றம் குறையும் என்று மருத்துவர் சொன்னார். நானோ கையில் கட்டுகிற கருவி வாங்கி, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்று கிளம்பிவிட்டேன். ஏழு வாரம் நடந்தேன். முழங்கால் வீங்கியது. மூன்று வாரம் ஓய்வு.

அந்தப் பத்தாயிரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1960களின் நடுவில் ஜப்பானில் ‘மன்போ-கெய்’ என்ற பெயரில் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயருக்குப் பொருளே ‘பத்தாயிரம் அடி மானி’ என்பதுதான். விற்பனைக்காக வைத்த பெயர் உலகம் முழுக்க இலக்காகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடியைச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு என்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். எவ்வளவு சின்ன நடையும் கணக்கில் வரும்.

முழங்கால் சரியானதும் வெளியே போகவே பயமாக இருந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு வாசல் கேட்டுவரை போய்த் திரும்பினேன். அன்று அவ்வளவுதான். கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று ஒரு வாரம் வைத்துக்கொண்டேன். தொட்ட கை ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ தாழ்ப்பாளைத் திறந்தது. இப்போது ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடக்கிறேன். கருவியை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

*

நான் எண்ணிக்கையிலேயே சிக்கிக்கொண்டவன். தினமும் எழுதியதைப் பதிவு செய்யும் ஒரு செயலி, நெருப்புப் படத்துக்குப் பக்கத்தில் தொடர் நாள் எண்ணிக்கை காட்டும். 212 நாள் வந்தது. பார்க்கிறவர்கள் பாராட்டினார்கள். உண்மை என்னவென்றால், கடைசி இரண்டு மாதம் இரவு 11:58க்கு ஏதாவது ஒரு வரியைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தேன். ‘இன்று களைப்பு.’ ‘இன்றும் களைப்பு.’ எண் வளர்ந்தது, எழுத்து நின்றுபோயிருந்தது.

213ஆம் நாள் பயணத்தில் சிக்னல் இல்லை. எண் பூஜ்யமானது. மறுநாள் காலை எனக்குள் ஒரு பெரிய நிம்மதி இருந்ததைக் கவனித்தேன். காக்க வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. அன்று ஒன்றரை மணி நேரம் எழுதினேன். செயலியை நீக்கிவிட்டேன்.

ஆனால் கணக்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரொலோப்பைப் பாருங்கள். தபால் துறையில் முழுநேர வேலை. விடியற்காலை 5:30க்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியவர். 47 நாவல் எழுதினார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட அளவு வாரக் கணக்கு, சராசரியாக வாரத்துக்கு 40 பக்கம். சில சமயம் அதை 20 ஆகவும் குறைத்திருக்கிறார். ஒரு நாள் குறைந்தால் வாரத்துக்குள் சமாளிக்க இடம் இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. மேலே சொன்ன 150 நிமிடமும் வாரக் கணக்குதான். இப்போது நான் ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் கூட்டிப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஐந்து பக்கம். மூன்று நாளில் வந்தாலும் சரி, ஏழு நாளில் வந்தாலும் சரி.

*

சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்குத் தூக்கம்தான் பிரச்சினை. போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுப்பது என்று வைத்திருந்தேன். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம். இரண்டு மாதத்தில் தூக்கம் ஐந்தரை மணி நேரத்திலிருந்து ஏழுக்கு வந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது எந்த நேரமும் அழைப்பு வரும் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அது தேவையான காரணம். அப்பா தேறிவிட்டார், போன் மட்டும் தலையணைப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. காரணம் முடிந்ததும் விதிவிலக்கும் முடிய வேண்டும் என்று யாரும் வந்து நமக்குச் சொல்வதில்லை. சார்ஜர் வயரைப் படுக்கையறையிலிருந்து எடுத்த நாள்தான் என் மறுநாள். அது நாலு மாதம் தாமதமாக வந்தது.

*

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கேள்வி. நீங்கள் எல்லாம் ஒரு நாள், மூன்று வாரம், ஐந்து மாதம் என்கிறீர்கள். என் ஆய்வேட்டைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. குழந்தை பிறந்தது, வீடு மாறினோம், நெறியாளரும் ஓய்வு பெற்றுவிட்டார். மின்னஞ்சலில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்தாலே வயிறு பிசைகிறது. இரண்டு வருடம் கழித்தும் ‘மறுநாள்’ என்று ஒன்று உண்டா?

*

கேள்வி கேட்ட சகோதரிக்கு, இதைத் தொடங்கியவன் எழுதுகிறேன். என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். முதல் நாளே எழுதப் பார்க்காதீர்கள். நான் திரும்பி வந்தபோது என்னைத் தடுத்தது எழுத்து இல்லை, நோட்டைத் திறப்பதுதான். திறந்து, கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடினாலும் அன்றைக்குப் போதும். குழந்தை தூங்கும் நேரம் உங்கள் கையில் இல்லை, அதனால் மணி வைத்துக்கொள்ளாதீர்கள். நர்ஸ் சகோதரி செய்த மாதிரி, குழந்தை தூங்கியதும் நீங்கள் எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு இதை முடிச்சுப் போட்டுப் பாருங்கள். நெறியாளர், மின்னஞ்சல் எல்லாம் வேறு வேலை. அதையும் இதையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். இரண்டு வருடம் ஆனது பெரிய விஷயம்தான், அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்தக் கோப்பில் நீங்கள் எழுதிய அத்தனை பக்கமும் அப்படியேதான் இருக்கும்.

*

நன்றி. நாலு நாள் கழித்து எழுதுகிறேன். குழந்தை தூங்கியதும் அவளுடைய பால் புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். புட்டியைக் கவிழ்த்ததும் மடிக்கணினி என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் கோப்பைத் திறக்கும்போது கை நடுங்கியது. மூன்றாம் அத்தியாயம் ‘இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன:’ என்று முடிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அன்று அதைப் படித்துவிட்டு மூடிவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் அப்படியே திறந்து மூடினேன்.

நேற்று இரவு புட்டி கழுவிக்கொண்டிருக்கும்போதே இரண்டு காரணம் நினைவுக்கு வந்துவிட்டது. ஈரக் கையோடு வந்து எழுதினேன். மூன்றாவது என்னவென்று இன்னும் தெரியவில்லை. இன்றிரவு பார்க்கிறேன்.