வடபுறச் சுவரோரம் நட்ட பர்ப்பிள் ஃபவுண்டன் கிராஸ் நிறம் மங்குகிறது, தூரின் நடுவும் காய்கிறது

கேள்வி (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாடி வீட்டுக்கும் வடபுறச் சுற்றுச்சுவருக்கும் இடையே உள்ள பத்தடி அகலமான இடத்தில், நர்சரியில் பர்ப்பிள் ஃபவுண்டன் கிராஸ் என்ற பெயரில் வாங்கிய ஆறு அலங்காரப் புல் செடிகளை ஈராண்டுகளுக்கு முன் வரிசையாக நட்டேன். முதல் ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் அவற்றின் கருஞ்சிவப்புத் தாள்களும் நரிவால் போன்ற கதிர்களும் ஒருசேரச் சாய்ந்து நிமிர்வதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் மாலையில் வெளியே வந்து அமர்வோம்.

இப்போது அந்த அழகு போய்விட்டது. சென்ற கார்த்திகையிலிருந்து தாள்கள் பச்சையாக மாறி வருகின்றன. ஐப்பசி மழையில் படுத்த குத்துகள் தை பிறந்த பின்னும் நிமிரவில்லை. தாள்களை விலக்கிப் பார்த்தால் தூரின் நடுப்பகுதி வைக்கோலாகக் காய்ந்திருக்கிறது. ஓரத்தில் மட்டுமே உயிர் தெரிகிறது. மண் கரிசல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை நீரில் கரைத்து ஊற்றுகிறேன். மாதந்தோறும் தொழுவுரமும் இடுகிறேன். வெட்டினால் பட்டுவிடும் என்று விற்றவர் எச்சரித்ததால் இதுவரை அரிவாளை எடுக்கவில்லை. கதிர்களை உதிர்த்துத் தட்டில் விதைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. இவற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

மறுமொழி (திருப்பூர்)

வணக்கம். தாங்கள் எழுதியவற்றில் நோயின் அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இடமும் ஊட்டமும்தான் பொருந்தவில்லை. இரண்டையும் சரிசெய்ய முடியும்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். கோவை ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே செல்கிறது. அந்த நான்கு மாதங்களில் வீட்டின் வடபுறத்திலும் நேர்வெயில் விழும். மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் மாடியின் நிழல் அந்தப் பத்தடியை மூடிவிடுகிறது. மார்கழியில் அந்நிழல் மிகவும் நீண்டிருக்கும். தங்கள் செடிகள் ஆடியில் சிவந்து கார்த்திகையில் வெளுத்தது இதனால்தான். இப்புல்லின் தாளில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி வலுவான ஒளியில்தான் நன்றாக உருவாகும்; நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் இல்லையென்றால் பச்சை மேலோங்கும், தண்டும் மெலிந்து நீளும். எனவே நிலையான தீர்வு இடமாற்றமே. தெற்கு அல்லது மேற்குப் பக்கத்தில் திறந்த இடம் இருந்தால் அங்கே கொண்டுபோங்கள்.

அடுத்தது உரம். புல்லினம் தழைச்சத்துக்கு உடனே வளர்ந்து காட்டுவதால் நாம் மகிழ்ந்துபோகிறோம். ஆனால் அந்த வளர்ச்சி நீர்ச்சத்து மிகுந்த, வலுவற்ற வளர்ச்சி. நெல்லுக்கு யூரியாவை அளவு மீறி இட்டால் பயிர் சாய்வதைப் போலவே இதுவும் சாய்கிறது. கரைசல் உரத்தை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். வெட்டிய பின் துளிர்க்கும் காலத்தில், குத்து ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி மக்கிய தொழுவுரம் போதும். அதுவே ஓராண்டுக்கான உணவு.

வெட்டினால் பட்டுவிடும் என்ற அச்சம் வேண்டாம். வெட்டாமல் விட்டதால்தான் பழைய தாள்கள் உள்ளே அடைந்து, புதுத் துளிருக்கு ஒளியும் காற்றும் கிடைக்காமல் போயின. மழை ஓய்ந்து, கோடை தொடங்குவதற்கு முன் வரும் தையின் பிற்பகுதியும் மாசியும் இதற்கு ஏற்ற காலம். குத்தைச் சணல் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு, தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டுக் கருக்கரிவாளால் அறுத்தால் தாள் சிதறாது, ஒரே கட்டாக வந்துவிடும்.

நடு காய்வது வயதின் இயல்பு. இப்புல் ஓரத்தில் புதுத் தூர் கட்டிக்கொண்டே வெளியே நகர்கிறது. முதலில் இருந்த நடுத்தூர் முதிர்ந்து மடிகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குத்தைத் தோண்டியெடுத்துப் பிரித்து நட்டால்தான் அது இளமையோடு இருக்கும். அறுத்த கையோடு கடப்பாரையால் சுற்றிலும் நெம்பி எடுத்து, ஓரத் தூர்களை ஐந்தாறு கணுத்துளிர்களும் போதிய வேரும் இருக்கும்படி பிளந்து, நடுவிலுள்ள காய்ந்த கட்டையைக் கழித்துவிடுங்கள். ஒரு குத்திலிருந்து நான்கு கன்றுகளாவது கிடைக்கும்.

மறுமொழி (சென்னை)

மேலே சொன்னதோடு வடிகாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் இதே புல்லைத் தொட்டிகளில் வளர்க்கிறேன். ஒரு தொட்டியின் அடித்துளை அடைபட்டு ஒரு மழைக்காலம் முழுவதும் நீர் தேங்கியதில், அந்தக் குத்து மட்டும் வேரழுகி மடிந்தது. பக்கத்துத் தொட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கள் கரிசல் மண் நீரை நெடுநாள் பிடித்துவைக்கும் என்பதால், தரைமட்டத்திலிருந்து அரையடியாவது உயர்த்திப் பாத்தி அமைத்து, செம்மண்ணும் மணலும் கலந்து நடுவது நல்லது.

மறுமொழி (காங்கேயம்)

தாங்கள் விதைத்தது முளைக்காததை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். இந்தச் சிவப்பு வகை பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. தூர் பிரித்தே இதைப் பெருக்குகிறார்கள். ஆனால் இதன் பச்சைத் தாள் கொண்ட உறவு வகை ஒன்று உண்டு. அது வட ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் சார்ந்த புல். அதன் விதை காற்றில் பறந்து எங்கும் முளைக்கும். அழகுக்காகக் கொண்டுபோன ஹவாய்த் தீவில் அது எரிமலைக் குழம்பு இறுகிய வெற்று நிலங்களில்கூடப் பரவி, காய்ந்தபின் காட்டுத்தீக்கு எரிபொருளாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அதை ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே நர்சரியில் பச்சைத் தாளோடு இதே கதிரைக் கண்டால், மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்புல்லின் கதிரை உற்றுப் பார்த்தால் கம்பங்கதிரின் சாயல் தெரியும். கம்பும், மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும், எங்கள் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) வளரும் கொழுக்கட்டைப் புல்லும் இதற்கு நெருங்கிய உறவினர்கள். கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களின் அடியில் கொழுக்கட்டைப் புல் கதிர்விட்டு நிற்கும் காலத்தில், சாயும் வெயில் அந்தச் சுணைகளில் பட்டு ஒளிர்வதைச் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். விலை கொடுத்து வாங்கும் எந்த அலங்காரப் புல்லும் அதற்கு ஈடாகத் தோன்றியதில்லை. காங்கேயம் மாடுகளின் மேய்ச்சலுக்கு அடிப்படையான அந்தப் புல்லே ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் பெருங்களையாகி நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் கொங்கு மண்ணுக்கு அது உரிய புல். வறண்ட, வெயில் படும் மூலை இருந்தால் நாலு குத்து நட்டுப் பாருங்கள்.

தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் வெட்டிவேரே சிறந்தது. நீர்த்தேக்கம், வறட்சி இரண்டையும் அது தாங்கும். வேர் பக்கவாட்டில் ஊர்ந்து பரவாமல் நேர்கீழாக இறங்கும். நம் தென்னாட்டு வகை விதையாலும் பரவாது. சிவப்பு நிறத்தை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அதற்கும் நல்ல வெயில் தேவை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர் (கோயம்புத்தூர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை கடைசிக் குத்து ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். சென்னை நண்பர் ஐயுற்றது சரிதான்: மழை நீர் வந்து சேரும் வடகிழக்கு மூலையில் இருந்த அந்தக் குத்தின் வேரில் பாதி பழுப்பேறி, நசுக்கினால் கூழாகிறது. மற்ற ஐந்தின் வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கிறது. நண்பகல் முதல் மாலை வரை வெயில் படும் மேற்குப் பக்கத்தில் ஐந்தையும் பிரித்து நடவும், வடகிழக்கு மூலைக்குக் காலை வெயில் எவ்வளவு நேரம் வருகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு அங்கே வெட்டிவேர் வைக்கவும் எண்ணியிருக்கிறேன். கன்றுகளை எவ்வளவு ஆழத்தில், என்ன இடைவெளியில் நட வேண்டும், எத்தனை நாள் நீர் விட வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (திருப்பூர்)

முன்பு மண்ணில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தூரின் கழுத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். கன்றுக்குக் கன்று 75 சென்டிமீட்டர் விடுங்கள். இப்போது இடைவெளி வெறிச்சென்று தோன்றினாலும் அடுத்த ஆடிக்குள் தாள்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும். பழுப்பேறிய வேர்களை நறுக்கிவிட்டு, பிரித்த அன்றே மாலையில் நட்டு, முதல் பத்து நாள் தினமும், அடுத்த மூன்று வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறையும் நீர் விடுங்கள். வேர் பிடித்த பின், மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் நீர் பாய்ச்சினால் போதும். துளிர் ஒரு சாண் உயரம் வரும் வரை தொழுவுரம்கூட வேண்டாம். அழுகிய குத்திலும் ஓரத்தில் உறுதியான வேரோடு இரண்டு தூர்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அவற்றை மணல் கலந்த சிறு தொட்டியில் தனியே வைத்துப் பாருங்கள்.